உறைபனி மாதத்தில் கோழிக்கு பல்பு போடலாமா, வேண்டாமா?

ஐப்பசி மழை ஓய்ந்து, காலையில் புல்மேல் நீர்ப்பனி தெரிய ஆரம்பித்ததும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "கோழிக்கு பல்பு போட்டாச்சா?" "எத்தனை வாட்?" "ராத்திரி முழுக்க எரியணுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் கீழே சமவெளியிலிருந்து வந்து நீலகிரியில் வீடு கட்டியவர்கள். இல்லையென்றால், போன கோடையில் ஆசைப்பட்டுப் பத்துக் கோழி வாங்கிவிட்டு, முதல் பனியை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள்.

நான் ஊட்டிக்கு வெளியே தலைகுந்தா பக்கம் ஒரு பள்ளத்தில் குடியிருக்கிறேன். ஏழு குளிர்காலமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போது கையில் இருப்பது 14 உருப்படி: சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிகள்தான் அதிகம், கூடவே வனராஜா ரகத்தில் இரண்டு, ஒரு சேவல். அவர்கள் கேட்பதற்கு ஒரே வரியில் பதில் உண்டு. வளர்ந்த கோழிக்கு வேண்டாம், குஞ்சுக்கு வேண்டும். ஆனால் ஒரே வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதல் வருடம் நானும்தான் நம்பவில்லை. அதற்கு இரண்டு கோழி போயிற்று.

அதனால் இந்த ஊரில் ஆட்கள் செய்து பார்க்கிற வழிகள் ஒவ்வொன்றையும் எடுத்து, எது யாருக்குச் சரிப்படும் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீலகிரியில் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையோடு வருவது ஒன்று. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் இதன் தொல்லை அதிகம். நாள் முழுக்கச் சாரல், மூடுபனி, காயப்போட்ட துணி நாலு நாளானாலும் காயாது. வெப்பமானி என்னவோ 12, 14 டிகிரி என்றுதான் காட்டும். அப்புறம் வருவது உறைபனி. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பகலில் வெயில் 20 டிகிரியைத் தொடும், ராத்திரி இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று இறங்கும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி மாதிரித் தாழ்ந்த இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி மேட்டிலிருந்து வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் மேட்டு வீட்டுக்காரர் "பனியா? இங்கே ஒன்றும் இல்லையே" என்பார், இங்கே பள்ளத்தில் புல்வெளி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். தேயிலைக்காரர்கள் மிலார் (செடிக் கொப்பு) வெட்டிப் போட்டுச் செடியை மூடுவது இந்த இரண்டாவது குளிருக்குத்தான்.

வெப்பமானியைப் பார்த்தால் இரண்டாவதுதான் பயங்கரம். கோழியைக் கேட்டால் முதலாவதைச் சொல்லும்.

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. இறகைப் புசுபுசுவென்று உப்பி, நடுவில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, தலையை இறக்கைக்குள் செருகி, கால்மேல் உட்கார்ந்துகொண்டால் ராத்திரிக் குளிரை அது சமாளித்துவிடும். காலில் இறகு இல்லையே என்று பரிதாபப்பட வேண்டாம். கீழே இறங்குகிற சூடான ரத்தம், மேலே ஏறுகிற குளிர்ந்த ரத்தத்தை வழியிலேயே சூடாக்கிவிடுகிற மாதிரிதான் அந்தக் காலின் அமைப்பு. பனிக்கட்டி மாசக்கணக்கில் கிடக்கிற அமெரிக்க வடகிழக்கில், பிரின்ஸ் உட்ஸ் என்கிற மருத்துவர் சுமார் நூறு வருடத்துக்கு முன்பே, முன்பக்கம் வலை மட்டும் அடித்துத் திறந்து விட்ட கோழிவீடுகளைக் கட்டச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் இதெல்லாம் இறகு காய்ந்திருக்கும் வரைக்கும்தான். நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடைத்து மூடி, பல்பு போடுவது

என் முதல் வருடத்துக் கதை இது. எட்டடிக்கு ஆறடிக் கொட்டகை, தகரக் கூரை. குளிருமே என்று சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கில்கூடச் சாக்கு திணித்து, நடுவில் 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். உள்ளே கையை விட்டால் கதகதப்பாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

பத்தாம் நாள் காலையில் கதவைத் திறந்து குனிந்தபோது கண்ணில் சுருக்கென்று குத்தியது. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. நிமிர்ந்து பார்த்தால் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஒவ்வொரு சொட்டாகக் கீழே உட்கார்ந்திருந்த கோழிகளின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே மழையே இல்லை. ஒரு கோழியின் கண்ணோரம் நுரை, இன்னொன்றுக்குத் தொண்டையில் கொர் கொர் சத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த லயன் வீட்டு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்கு மூச்சு முட்டுது தம்பி, உனக்குத் தெரியலையா?" என்றார். தெரியவில்லைதான். அந்த வாரமே இரண்டு போய்விட்டன. மற்றவை கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்தில் தேறின.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாட்டுக்கோழி ஒன்று ஒரு நாளைக்கு 150, 200 மில்லி தண்ணீர் குடிக்கும். குடித்ததெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும்தான் வெளியே வர வேண்டும். புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். 12 கோழியை ராத்திரி முழுக்க அடைத்து வைத்தால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொட்டகைக்குள் தெளித்த கணக்கு. பல்பின் சூடு அதை ஆவியாக்கி மேலே அனுப்பும், குளிர்ந்த தகரம் அதை மறுபடி தண்ணீராக்கிக் கீழே விடும். மழை பெய்யாத ராத்திரியில் நானே உள்ளே மழை பெய்ய வைத்திருந்தேன்.

செலவையும் பாருங்கள். 100 வாட் பல்பு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72. இலவசமாக வரும் 100 யூனிட்டில் முக்கால்வாசி கோழிக்கே போய்விடும். 250 வாட் சிவப்பு பல்பு போட்டால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். ஆனால் கோழியே ஒரு பல்புதான். ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள கோழி உடம்பிலிருந்து சுமார் 7 முதல் 10 வாட் வரை சூடு வெளியே வருகிறது. 14 கோழி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் 100 வாட் பல்பு ஏற்கெனவே எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மின்கட்டணமும் இல்லை, பியூஸும் போகாது.

அப்புறம் தீ. காய்ந்த மரச்சீவல், இறகுத் தூசி, ஒட்டடை, ஒயரில் தொங்கும் சுடுபல்பு, பயந்தால் எகிறிப் பறக்கும் கோழி. இவற்றை ஒரே அறையில் வைத்து ராத்திரி முழுக்கத் தூங்க எனக்குத் துணிச்சல் இல்லை. இன்னொரு சங்கடம் கரண்ட். காற்றில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று லைன்மேல் சாய்ந்தால் இந்தப் பக்கம் அடுத்த நாள் மத்தியானம் வரை இருட்டுத்தான். ஒரு மாதம் கதகதப்பில் படுத்துப் பழகிய கோழி அன்றைக்குத் திடீரென்று பூஜ்யத்தில் நிற்கும். பழகாத கோழிக்கு அது இன்னொரு ராத்திரி, அவ்வளவுதான். (எல்இடி பல்பு போட்டுவிட்டுச் சூடே வரவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். அது வெளிச்சத்துக்கு மட்டும்தான் சார்.)

பல்புக்குப் பதிலாகக் கரிச்சட்டியில் கணப்பு வைக்கிறவர்களும் உண்டு. இதை ஒப்பிடவே வேண்டாம், விட்டுவிடுங்கள். கரிப்புகையின் விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அறைக்குள் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடியாமலே போன செய்தி ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புதிதில்லை. கோழியின் நுரையீரல் நம்முடையதைவிட நுட்பமானது.

அடுப்படிச் சுவரோடு ஒட்டிய கூண்டு

பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். விறகடுப்பு இருக்கும் சுவரின் வெளிப்பக்கம் சாய்ப்பு இறக்கி, அதில் கோழி அடைப்பார்கள். ராத்திரிச் சமையல் முடிந்த பிறகும் கல்சுவர் நாலைந்து மணி நேரம் சூடு பிடித்து வைத்திருக்கும். தீயும் கோழியும் சுவருக்கு இரண்டு பக்கம். கரண்ட் செலவும் கிடையாது. விறகடுப்பு எரிகிற வீடாக இருந்தால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

கேஸ் அடுப்புக்கு மாறிய வீட்டில் அந்தச் சுவர் வெறும் சுவர்தான். பிரயோஜனமில்லை. கோழிப்பேன் வந்துவிட்டால் அடுத்த நாளே அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நம்மையும் விசாரிக்கும். நாற்றம் வேறு. மாமியார் இருக்கும் வீட்டில் இதை யோசித்துச் செய்யுங்கள்.

மேலே திறப்பு, கீழே ஆழ்கூளம்

இரண்டாம் வருடத்திலிருந்து நான் செய்வது இது. சுவர் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் இருக்கும். கூரைக்குக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் மட்டும், நாலு விரல் அகலத்துக்குத் திறப்பு. அதில் கீரி நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை. திறப்பு எப்போதும் கோழி உட்காரும் உயரத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஈரக்காற்று மேலே எழுந்து வெளியே போய்விடும், கோழிமேல் காற்று அடிக்காது. சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கோழி உட்காரும் கட்டையில் கொளுத்தி வையுங்கள். புகை நேராக எழுந்து மேலே போய் வளைந்தால் சரி. கட்டையிலேயே சாய்ந்தால் அந்தப் பக்கம் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

தகரக் கூரையாக இருந்தால் அடியில் மூங்கில் தட்டி கட்டி, அதற்கு மேல் பழைய சாக்கைப் பரப்பிவிடுங்கள். சொட்டுவது நின்றுவிடும். தெர்மாகோல் வைக்காதீர்கள். வைத்தேன். ஒரே மாதத்தில் கோழி கொத்தித் தின்று தீர்த்தது, அதில் அதற்கு அப்படியென்ன ருசியோ.

தரையில் கூளம். உமி நல்லதுதான், ஆனால் மலைக்கு வந்து சேரும்போது உமியின் விலையைவிட ஏற்றுக்கூலி அதிகமாகிவிடுகிறது. தச்சுப் பட்டறையில் இழைத்துத் தள்ளும் மரச்சீவல் கேட்டால் கொடுப்பார்கள், நான் அதைத்தான் போடுகிறேன். மாவு மாதிரி இருக்கும் ரம்பத்தூள் வேண்டாம், தூசி பறக்கும், குஞ்சு அதைத் தீவனமென்று தின்னும். முதலில் மூன்று அங்குலம் போட்டு, அழுக்காக ஆக மேலே மேலே சேர்த்து, ஜனவரியில் ஆறு அங்குலம் வரை கொண்டுவருகிறேன். வாரம் இரண்டு முறை கிளறி விட வேண்டும். கொஞ்சம் சோளத்தை எறிந்தால் பாதி வேலையைக் கோழியே செய்துவிடும். கூளத்தின் பதம் கையில் தெரியும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் லேசாகச் சேர்ந்து, விட்டதும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புதுச்சீவல் போட வேண்டும். அடியில் மெல்ல மக்கும்போது கொஞ்சம் சூடு வரும், ஆனால் அதை நம்பிக் கூளம் போடவில்லை. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கால் குளிர்ந்த சிமென்ட்டில் படாமல் காக்கிறது. பிப்ரவரி கடைசியில் அள்ளிக் குவித்து மக்கவைத்தால் கேரட் பாத்திக்கு உரம்.

கால் வைத்த பலகைக் கூண்டு

தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ரீப்பர் பட்டைகளை விரல் இடைவெளி விட்டு அடித்த கூண்டு. எச்சம் கீழே விழுந்துவிடும், உள்ளே ஈரமே தங்காது. கீழ்நாட்டில் அருமையான கூண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கேயும் பலர் வாங்கி வருகிறார்கள். லாரியில் ரெடிமேடாகவே வந்து இறங்குகிறது.

கோத்தகிரி, குன்னூர் ஈரக்குளிருக்கு இது ஆழ்கூளத்தைவிட நல்லதென்றே சொல்வேன். நவம்பரில் அங்கே எந்தக் கூளமும் காயாது. காயாத கூளத்தில் கோழியை நிறுத்தினால் ரத்தக்கழிச்சலைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி. ஆனால் கீழேயிருந்து காற்று நேரே வயிற்றில் ஏறும். அதனால் காற்று வரும் இரண்டு பக்கம் மட்டும் தரை வரைக்கும் சாக்குத்துணி தொங்கவிட வேண்டும், நாலு பக்கமும் கட்டிவிடக் கூடாது. தலைகுந்தா மாதிரிப் பள்ளத்தில், தரையை ஒட்டித் தேங்கும் பனிக்காற்றுக்குள் இந்தக் கூண்டை நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. வேறு வழியில்லை என்றால், உள்ளே பாதித் தரைக்குப் பழைய சாக்கு விரித்து, அதற்கு மேல் உட்காரும் கட்டையை வையுங்கள்.

இன்னொன்றை ரெடிமேட் கூண்டுக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். இங்கே மரநாய், காட்டுப்பூனை இருக்கின்றன. அதற்குமேல் சிறுத்தையும் உண்டு. மெல்லிய கம்பிவலையும் தகரத் தாழ்ப்பாளும் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. குளிருக்கு எவ்வளவு நல்ல கூண்டாக இருந்தாலும், ராத்திரி யார் வந்து தட்டினாலும் திறக்காத கூண்டா என்பதை முதலில் பாருங்கள்.

எந்தக் கூண்டானாலும் உட்காரும் கட்டை அகலமாக இருக்கட்டும். இரண்டு அங்குல ரீப்பரை அகலவாட்டில் படுக்கவைத்தால், கோழி உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை முழுதாக மூடிக்கொள்ளும். மிச்சம் கிடந்த ஜிஐ பைப்பைக் குறுக்கே போட்டுவிடுகிறார்கள். உறைபனி ராத்திரியில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவது எப்படியிருக்கும் என்று யோசித்தால் போதும்.

எந்தக் கோழி?

இதில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. சிறுவிடை. உடம்பை ஒட்டி அடர்ந்த இறகு, தானே மேய்ந்து பிழைக்கும் புத்தி, அடைக்கு உட்காரும் குணம். பெருவிடை, அசில் வகைகளுக்குக் கொண்டை சின்னது, அது பனிக்கு நல்லது. ஆனால் இறகு குறைச்சல், மார்பில் தோல் தெரியும். கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி கீழ்நாட்டு வெயிலுக்குப் பிறந்தது. அதை மலைக்குக் கொண்டுவருவது பாவம். வனராஜாவும் கிரிராஜாவும் தாங்குகின்றன. லெகார்ன் மாதிரிப் பெரிய ஒற்றைக்கொண்டை இருந்தால் கொண்டை நுனி கருகலாம். நான் அதை ஒரே ஒரு முறை பார்த்தேன், அதுவும் ஈரம் தேங்கிய கூண்டில் இருந்த சேவலுக்கு. கொண்டையில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள். இங்கே டிசம்பரில் பாட்டிலை அடுப்போரம் வைத்தால்தான் எண்ணெயே வெளியே வரும்.

கோழியின் ஜாதியைவிட வாங்கும் மாதம் முக்கியம். டிசம்பரில் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் வாங்கி, அன்றைக்கே மலையேற்றி, அன்று ராத்திரியே பனியில் அடைப்பது இருக்கிறதே, அதுதான் நிறையக் கோழிகளைக் கொல்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் வாங்கிவிட்டால் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏற இறகும் சேர்ந்து அடர்ந்துவிடும்.

குஞ்சுக்கு மட்டும் கணக்கு வேறு

இத்தனை நேரம் பல்பைத் திட்டிவிட்டு இப்போது பல்பு போடச் சொல்கிறேன். பஞ்சு முடியோடு இருக்கும் குஞ்சுக்குத் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் அதைச் சுற்றி 32 முதல் 35 டிகிரி வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இறகு முழுதாக முளைக்கும்வரை இது தேவை. இங்கே ராத்திரி பூஜ்யம் என்றால், கீழ்நாட்டில் போடுகிற மாதிரி ஓர் அட்டைப்பெட்டிக்கு ஒரு 60 வாட் பல்பு நிச்சயம் போதாது. பெட்டியை வீட்டுக்குள் வைத்து, பல்பைச் சங்கிலியில் கட்டி, உயரத்தை ஏற்றி இறக்க வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, பெட்டி முழுக்கப் பரவி மேய்ந்தால் சரி.

இதற்கு மாற்று அடைக்கோழி. கரண்ட் வேண்டாம், சங்கிலி வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க வேண்டாம். ஆனால் குளிரில் அடை வைப்பதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. மற்ற மாதங்களில் பன்னிரண்டு முட்டை வைத்தால், பனிக்காலத்தில் ஏழு, எட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓரத்து முட்டை வயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சில்லிட்டுக் கூமுட்டையாகிவிடும். 21 நாள் கழித்துப் பொரித்த பிறகுதான் உண்மையான ஆபத்து. தாய்க்கோழி விடிந்ததும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேரே ஈரப்புல்லுக்குள் இறங்கும். குஞ்சு தொப்பலாக நனைந்து, ஒவ்வொன்றாகப் பின்தங்கி விறைத்துப்போகும். காலை ஒன்பது, ஒன்பதரை வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, புல் காய்ந்த பிறகு திறந்து விடுங்கள்.

என்னைக் கேட்டால், நவம்பரிலிருந்து ஜனவரி வரை குஞ்சே பொரிக்க வேண்டாம். பிப்ரவரியில் அடை வைத்தால் மார்ச்சில் குஞ்சு, முன்னால் முழுக் கோடை. பெரும்பாலும் பிப்ரவரியில்தான் கால்நடைத் துறை வெள்ளைக்கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாமும் போடுவார்கள். தாய்க்கோழிகளுக்கு அப்போதே போட்டுக்கொள்ளலாம்.

முட்டைக்காக விளக்கு?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர், சூட்டுக்கு இல்லாவிட்டாலும் முட்டைக்காவது விளக்கு போட வேண்டுமே என்கிறார்கள். அங்கே அது நியாயம். டொரண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. கோழி நன்றாக முட்டையிட 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும், அதனால் அங்கே பல கோழிகள் முட்டையை நிறுத்திவிடும். ஊட்டி 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகச் சிறிய பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம். கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். நம் கோழி குளிரில் முட்டையைக் குறைப்பதில் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் இறகு உதிர்த்துப் புது இறகு போடுவதும், தின்பதில் கூடுதல் பங்கை உடம்புச் சூட்டுக்கே எரிப்பதும்தான் பெரிய காரணம். முட்டை வியாபாரத்துக்கு வளர்க்கிறவர் விளக்கு போடட்டும். வீட்டுக்கு நாலு முட்டை போதும் என்கிறவர் கோழிக்கு இரண்டு மாதம் லீவு கொடுத்துவிட்டு, தீவனத்தைக் கூட்டினால் போதும்.

என் கோழிகள் மற்ற மாதங்களில் தின்பதைவிட உறைபனி மாதத்தில் ஆறில் ஒரு பங்காவது கூடுதலாகத் தின்கின்றன. சாயங்காலம் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உடைத்த மக்காச்சோளமோ கம்போ ஆளுக்கு ஒரு சின்னப் பிடி. இரைப்பை நிறைந்திருந்தால் ராத்திரி முழுக்கச் செரித்துச் சூடு கொடுக்கும். பச்சைக்குச் சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் மேலிலை, கேரட் தழை. கோஸை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மழைநாளில் ஒன்றையொன்று கொத்தாமல் பொழுதுபோகும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் அதன் தோலும் மட்டும் கூடாது, விஷம். அசோலா வளர்க்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அது வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகுகிற செடி, ஜனவரி ஊட்டியில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

தண்ணீர்த்தட்டை ராத்திரி வெளியே எடுத்துவிடுகிறேன். இருட்டில் கோழி குடிக்காது, தட்டிவிட்டுக் கூளத்தைத்தான் நனைக்கும். காலையில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர். பனி நாளில் முதலில் அதற்குத்தான் ஓடிவருகின்றன.

மண்ணில் புரளுவதற்கு ஒரு மூலை. மழை மாதத்தில் காய்ந்த மண்ணே கிடைக்காது என்பதால் பேன் பெருகும். கூரைக்குக் கீழே பழைய லாரி டயர் ஒன்றைப் போட்டு, மணலும் விறகுச் சாம்பலும் கலந்து கொட்டிவைத்திருக்கிறேன். யோசனை லயன் வீட்டுப் பாட்டியுடையது. சாம்பலும் அவர் வீட்டுச் சாம்பல்தான், பதிலுக்கு வாரம் ஐந்து முட்டை போகிறது.

இனி யாருக்கு எது என்று கேட்டால்: பள்ளத்தில், உறைபனி விழும் இடத்தில் இருப்பவர் கெட்டியான சுவரும் மேல் திறப்பும் ஆழ்கூளமும் என்று போங்கள். கோத்தகிரிச் சரிவில், நவம்பர் முழுக்க நனைகிற இடத்தில் இருப்பவர் பலகைக் கூண்டு வாங்கலாம், ஆனால் கூரையை இரண்டடி வெளியே நீட்டி, சாரல் உள்ளே வராமல் பாருங்கள். விறகடுப்பு இருப்பவர் அந்தச் சுவரை விட்டுவிடாதீர்கள். பல்புக்கு ஒதுக்கி வைத்திருக்கும் பணம் இருந்தால் அதில் நல்ல தாழ்ப்பாளும் நாலு மூட்டை மரச்சீவலும் வாங்கலாம். பல்பை எடுத்து மார்ச் குஞ்சுகளுக்காகப் பரணில் வையுங்கள்.

போன ஜனவரியில் ஒரு நாள் ஆறரை மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறந்தேன். வெளியே தொட்டித் தண்ணீர்மேல் கண்ணாடித் தகடு மாதிரி பனி. உள்ளே பதினான்கும் ஒரே கட்டையில் பந்து பந்தாக உட்கார்ந்திருந்தன, ஒன்றின் முதுகிலும் ஈரமில்லை. சேவல்தான் முதலில் இறங்கியது. வாசல்வரை வந்து, வெள்ளைப் புல்மேல் ஒரு காலை வைத்துப் பார்த்து, காலை எடுத்து உதறிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்து, மறுபடி உள்ளே போய்விட்டது. ஒன்பது மணி வெயில் வாசலுக்கு வந்த பிறகுதான் குடும்பத்தோடு வெளியே வந்தது.